ஆன்ஃபீல்டுல மேட்ச் பார்க்கணுமா? முதல்ல இதைப் படிங்க!

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போறீங்களா? சனிக்கிழமை லிவர்பூல் ஸ்டேடியம் வாசல்ல போய் நின்னா டிக்கெட் கிடைச்சிடும்னு நினைச்சிடாதீங்க. ஆன்ஃபீல்டுல சுமார் 61,000 இருக்கைகள் இருந்தும், சீசன் டிக்கெட்காரங்களுக்குப் போக மிச்சத்துக்குத்தான் அடிதடி.

முதல் வேலை, கிளப்பின் அதிகாரப்பூர்வ தளத்தில் மெம்பர்ஷிப். பணம் கட்டிட்டா டிக்கெட் உறுதின்னு அர்த்தமில்லை. குலுக்கலில் பெயர் கொடுக்கலாம், அவ்வளவுதான். பெயர் வரலையா? விட்டுடாதீங்க. வர முடியாத ரசிகர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகள் அதே தளத்துக்கு வரும். சலிக்காம ரெஃப்ரெஷ் பண்றவங்களுக்குத்தான் யோகம்!

வாட்ஸ்அப் குரூப்பில் 'ரெண்டு டிக்கெட் இருக்கு ப்ரோ'ன்னு யாராவது வந்தா, தள்ளியே நில்லுங்க. அனுமதியில்லாதவர் கால்பந்து டிக்கெட் விற்பது அங்கே 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பார்ட் டைம் வேலையில் சேர்த்த காசு போய், கேட் திறக்காம நிற்கப்போறது நீங்கதான்.

இன்னொண்ணு... டி.வி ஒளிபரப்புக்காக சனிக்கிழமை மேட்ச் ஞாயிறு, திங்கள்னு மாறும். தேதி உறுதியாகாம ரயில் டிக்கெட் போடாதீங்க.

எதுவுமே சிக்கலையா? ஒரு படி கீழே இருக்கும் சாம்பியன்ஷிப் மேட்சுக்குப் போங்க. டிக்கெட் கிடைப்பது சுலபம், கேலரி சத்தத்துக்கும் குறைவிருக்காது.