உங்களுக்குத் தெரியுமா? தைவானில் எல்லோருக்கும் ஒரே காப்பீடு

1995 மார்ச் 1-க்கு முன்பு தைவானில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் முதியவர்களும், அதாவது காப்பீடு அதிகம் தேவைப்பட்டவர்கள். அந்த மார்ச் 1 அன்று தொழிலாளர், விவசாயி, அரசு ஊழியர் காப்பீடுகளை ஒன்றாக்கி அரசே ஒற்றைக் காப்பீட்டாளர் ஆனது. இன்று 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். சிப் பதித்த அட்டையை நீட்டினால் போதும், தனியார் மருத்துவமனையின் பில்லும் நேராக அரசுக்குப் போய்விடும். பல கம்பெனிகளின் படிவங்களோடு மல்லுக்கட்டும் வேலை இல்லாததால் நிர்வாகச் செலவும் மிகக் குறைவு.

அரசு பணம் கட்டினால் கூட்டம் அலைமோதாதா? அலைமோதத்தான் செய்கிறது, டாக்டர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்களே. ஆனால் அதற்காகக் காப்பீட்டையே மறுப்பது அநியாயம். அதற்குப் பதில் தைவான் சிறு கட்டணம் வைத்தது, மொத்தச் செலவுக்கு ஆண்டு வரம்பு போட்டது. பரம ஏழைகளிடம் அந்தச் சிறு கட்டணத்தையும் வாங்குவதில்லை.