கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது?

உயரத்தில் வேலை செய்பவர் தன் 6 அடிப் பாதுகாப்புக் கயிற்றின் முழு நீளத்துக்கும் விழ ஆகும் நேரம் 0.6 நொடி. அதற்குள் அவருடைய வேகம் மணிக்கு 21 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பெல்லாம் அங்கே செல்லாது. கயிறு இறுகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் உயிர் விஷயம்.

அவரை 5 சென்டிமீட்டருக்குள் சட்டென்று நிறுத்தினால், உடல்மீது பாயும் சராசரி விசை அவர் எடையைப்போல் 37 மடங்கு. அதே வீழ்ச்சியை ஒரு மீட்டர் தூரத்துக்கு இழுத்து நிறுத்தினால் 3 மடங்குக்கும் குறைவு. கயிற்றோடு சேர்ந்து தொங்கும் சிறு பொட்டலம், அதாவது ஷாக் அப்சார்பர், செய்வது இதைத்தான். உள்ளே மடித்துத் தைத்த பட்டை இருக்கும். இழுவையில் தையல் வரிசையாகப் பிரிந்துகொண்டே போக, வீழ்ச்சியின் ஆற்றல் அதிலேயே தீர்கிறது. வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிப்பவர் செய்வதும் இதே வித்தைதான்.

மிச்ச விசை உடலில் எங்கே இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. இடுப்பு பெல்ட் அதை வயிற்றின்மீதும் முதுகெலும்பின்மீதும் இறக்கும். அதனால்தான் விழுபவரைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. முழு உடல் ஹார்னஸ் விசையைத் தொடை, இடுப்பெலும்பு, மார்பு, தோள் என்று பகிர்ந்து கொடுக்கிறது. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள டி-வளையத்தில்தான் வீழ்ச்சிக் கயிற்றை மாட்ட வேண்டும்; அப்போதுதான் உடல் நிமிர்ந்து தொங்கும். இடுப்பின் இரு பக்க வளையங்கள் கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு மட்டும். வியர்க்கிறது, உரசுகிறது என்று பலர் தொடைப் பட்டையைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்ந்த ஹார்னஸ் விழும்போது மேலேறிக் கழுத்தை நெரிக்கும்; ஆள் நழுவிப்போகவும் கூடும். பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. அதுவே சரியான இறுக்கம்.

ஹார்னஸ் போட்டிருக்கிறாரா என்று பார்க்கும் மேற்பார்வையாளர்கள், கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பது குறைவு. கணக்கு எளிது. கயிறு 6 அடி, அப்சார்பர் நீள்வது மூன்றரை அடி, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி, ஹார்னஸ் இழுபட ஓரடி, அதற்குமேல் பாதுகாப்புக்காக 2, 3 அடி. கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே சுமார் 18 அடி காலியாக இருக்க வேண்டும். முதல் மாடித் தளத்தில் தோள் உயரத்தில் மாட்டினால் கொக்கிக்கும் தரைக்கும் 16 அடிதான்! காலடியில் மாட்டினாலோ, கயிறு இறுகுவதற்கே 11 அடி விழ வேண்டும். கேட்கவே வேண்டாம். தலைக்கு மேல், பாரம் தாங்கும் உத்தரத்தில் மாட்டுவதே நல்லது. சாரத்தின் குறுக்குக் குழாயையும் தண்ணீர் பைப்பையும் நம்பக் கூடாது. பக்கவாட்டில் தள்ளி மாட்டினால், ஊசலாடிப் போய்ச் சுவரில் மோத நேரும்.

கயிறு தாங்கிவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. அசைவில்லாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். கால் வைத்து நிற்க ஹார்னஸிலேயே பட்டை இருந்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. யார், எந்த ஏணியோடு ஏறி இறக்குவார் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய ஹார்னஸும் கயிறும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி, வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி வெட்டிப் போட்டுவிடுங்கள்.