மந்தமாகிப்போன லேப்டாப்: புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கிய லேப்டாப் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னமும் இருக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டு அடுக்களைக்குப் போய் டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சித் திரும்பினாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கடையில் காட்டினால், 'பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வருடம் ஒரு முறை ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு என்று கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சிறிய தொகை அல்ல. பெரும்பாலான லேப்டாப்புகளுக்குப் புதிது தேவையில்லை. சரியான வைத்தியம்தான் தேவை.

வீட்டிலேயே முதல் சோதனை

கடைக்குப் போகுமுன் நோய் எதுவென்று நாமே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் மெமரி, டிஸ்க் ஆகியவற்றின் எதிரே சதவிகிதம் தெரியும். கம்ப்யூட்டரைப் போட்டு வெகுநேரம் ஆகியும் டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நின்றால் கோளாறு பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில். இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்ததுமே மெமரி 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை என்று பொருள்.

அங்கேயே 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியும் இருக்கிறது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே தாமும் கூடவே எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் அது. வேண்டாதவற்றை நிறுத்திவைத்தால் காசு செலவில்லாமல் கொஞ்சம் வேகம் கிடைக்கும். மூடியைச் சாத்திவிட்டுப் போவதே வழக்கமாக இருந்தால், வாரம் ஒரு முறையேனும் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் வேகம் குறையும். அடிப்பாகம் கொதித்து, விசிறி இரைந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம். தில்லியின் புழுதிக்கு இது வியப்பில்லை. பேட்டரி உப்பி, மூடியோ அடிப்பாகமோ தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் தாமதம் கூடாது. அது தீப்பிடிக்கக்கூடியது, சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே கடையில் காட்டுங்கள்.

இரண்டே மருந்துகள்

பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி. என்பதில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை, எல்லாம் சில்லுகள். ஹார்டு டிஸ்க் ஒரு விநாடியில் ஏறக்குறைய 100 மெகாபைட் படித்தால் சாதாரண 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி. 500 படிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. இந்த ஒரு மாற்றமே பல லேப்டாப்புகளுக்குப் போதும். இரண்டாவது மருந்து, 4 ஜி.பி. ராமை 8 ஆக்குவது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்ற வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட முடியாது. 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியதால், யாரோ முன்பு சொன்ன விலையை நம்பாமல் இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேட்பது நல்லது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். உங்களுடையது ஏழாம் தலைமுறை என்றாலும் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் இலவசம். இணையம் பார்க்க, கடிதம் எழுத, தமிழில் தட்டச்சு செய்ய அது தாராளமாகப் போதும்.

எங்கே போவது?

வாரண்டி பாக்கியிருந்தால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் திறக்கவிடாதீர்கள். அது முடிந்துவிட்டால் சென்னைக்கு ரிச்சி தெரு போல, தில்லிக்கு நேரு பிளேஸ். மெட்ரோவில் ஊதா வழித்தடத்தில் நேரு பிளேஸ் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், ஞாயிறு விடுமுறை. மும்பையில் கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக். வாசலிலேயே வழிமறித்துக் கூப்பிடுபவர் பின்னால் போகாமல், பெயர்ப்பலகையும் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள கடைக்குள் நுழையுங்கள்.

மொழி தடுமாறுகிறது என்பதற்காகவே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நம்மில் உண்டு. தில்லிக் கடைகளில் இந்த நான்கு வாக்கியங்கள் போதும்:

'பஹலே பதாயியே, குல் கர்ச்சா கித்னா ஆயேகா?' – மொத்தச் செலவை முதலில் சொல்லுங்கள்.

'மேரே சாம்னே கோலியே' – என் முன்னாலேயே திறங்கள்.

'புரானி ஹார்டு டிஸ்க் வாபஸ் சாஹியே' – பழைய ஹார்டு டிஸ்க் எனக்குத் திரும்ப வேண்டும்.

'பக்கா பில் தீஜியே' – முறையான ரசீது கொடுங்கள்.

பரிசோதனைக் கட்டணம் தனியா, வேலை கொடுத்தால் கழிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் உதிரிபாகத்தின் பெயர், சீரியல் எண், வாரண்டிக் காலம் மூன்றும் இருக்க வேண்டும். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட அந்த ரசீதுதான் ஆதாரம்.

இழந்தால் திரும்பாதவை

ராமை மறுபடி வாங்கலாம். பாட்டியின் சதாபிஷேகப் படங்களை வாங்க முடியாது. ஆகவே கடைக்குக் கிளம்புமுன் படங்கள், ஆதார், பான், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துவையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவர வேண்டாம். அழித்த பிறகும் அதிலிருந்து தகவல் எடுக்க முடியும். மின்னஞ்சல், வங்கிப் பக்கங்களிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

நம் சங்கத்து எழுத்தாளர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. யூனிகோட் பரவுவதற்கு முன் டாம், டாப், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கதை, கட்டுரைகள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்தே எடுத்துவையுங்கள். ஃபார்மேட் செய்த பிறகு எழுத்துரு இல்லையென்றால், இருபது வருட உழைப்பு வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இலவச உதவி என்னும் வலை

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை அலறினால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அவர்கள் தாமாக யாரையும் அழைப்பதும் இல்லை. மறுமுனையில் இனிமையாகப் பேசுபவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் சொல்லி, உங்கள் திரையைத் தன் கைக்குள் கொண்டுவந்து வங்கிக் கணக்கில் நுழைவார். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக ஒரு யோசனை. கம்ப்யூட்டர் துறையில் பணிபுரியும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தில் இரண்டு மணி நேரம், அவர்களில் நாலு பேர் உட்கார்ந்து, கொண்டுவரும் லேப்டாப்புகளைப் பார்த்து, 'இதற்கு எஸ்.எஸ்.டி. போதும்', 'இதற்குச் செலவழிக்காதீர்கள்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாலே போதும். அந்தச் சீட்டுடன் கடைக்குப் போகும் நம் ஓய்வூதியக்காரரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. மொழி தெரியாத ஊருக்கு வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்ததும், பள்ளியில் சேர்த்துவிட்டதும் நம்மவர்கள்தானே? அதே உதவிதான் இதுவும். முன்வரும் இளைஞர்கள் செயற்குழுவிடம் பெயர் கொடுக்கலாம்.