ஹெலிகாப்டருக்கு ஆணையிடுபவர் யார்?

செட்டியார்பட்டி, ராஜபாளையம் பகுதிகளில் கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்மாய் பலருக்கும் பொது. ஆனால் ஆளுக்கு ஆள் மடையைத் திறந்தால் என்ன ஆகும்? கடைசி வயல் காய்ந்துபோகும். போர்க்கள ஹெலிகாப்டருக்கும் இதே சிக்கல் உண்டு. அது பறப்பது வானத்தில். உதவுவதோ தரையில் போரிடும் வீரர்களுக்கு. அதற்கு ஆணையிட வேண்டியவர் விமானப்படை அதிகாரியா, தரைப்படைத் தளபதியா?

இங்கே இரண்டு பொறுப்புகளைப் பிரித்தறிய வேண்டும். விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதும், எந்திரத்தைப் பழுதுபார்ப்பதும் உடைமையாளரின் பொறுப்பு. எங்கே, எப்போது, எதற்காகப் பறப்பது என்று முடிவு செய்வது செயல் கட்டுப்பாடு. இவ்விரண்டும் வேறு வேறு கைகளில் இருக்கலாம். ஆனால் செயல் கட்டுப்பாடு மட்டும் சிதறக் கூடாது. ஏனெனில், நமது பீரங்கிக் குண்டுகள் பாயும் வான்வெளியிலேதான் நமது ஹெலிகாப்டரும் தாழப் பறக்கிறது. பாதை, உயரம், நேரம் மூன்றையும் ஒருவர் வகுத்து அனைவருக்கும் அறிவிக்காவிட்டால், நம் குண்டுக்கு நம் வீரர்களே இரையாக நேரிடும்.

1971 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். இன்றைய வங்காளதேசத்தில் மேக்னா ஆற்றின் மீதிருந்த ஆஷுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படையினர் தகர்த்துவிட்டனர். தரைப்படையின் லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கும், விமானப்படையின் குரூப் கேப்டன் சந்தன் சிங்கும் சேர்ந்தே திட்டம் தீட்டினர். டிசம்பர் 9 முதல் எம்.ஐ-4 ஹெலிகாப்டர்கள் இரவிலும் பறந்து வீரர்களை அக்கரை சேர்த்தன. டாக்காவுக்கு வழி திறந்தது.

அது இரு அதிகாரிகளின் ஒத்துழைப்பால் விளைந்த வெற்றி. எப்போதும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க முடியுமா? ஆகவே விதிகள் தேவைப்பட்டன. 1986 நவம்பர் 1-இல் தரைப்படைக்கெனத் தனி வான்பிரிவு தோன்றியது. சிறிய சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர்கள் அதனிடம் வந்தன. எம்.ஐ-25, எம்.ஐ-35 தாக்குதல் ஹெலிகாப்டர்களோ விமானப்படையிடமே தங்கின. அவற்றின் செயல் கட்டுப்பாடு தரைப்படைக்கு அளிக்கப்பட்டது. 2025-இல் தரைப்படை சொந்தமாகவே அப்பாச்சி ஹெலிகாப்டர்களைப் பெற்றது.

இன்னொரு குறையும் இருந்தது. கூட்டு அமைப்பின் தளபதி, பிற படையைச் சேர்ந்தவர் தவறு செய்தால் நேரடியாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த அதிகாரத்தை வழங்கியது.

இது போருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஆகிய மூன்றின் ஹெலிகாப்டர்களும் உணவுப் பொட்டலங்களை இறக்கின. எந்தக் கிராமத்துக்கு எது செல்வது என்று ஓரிடத்தில் முடிவாகவில்லையெனில், ஓர் ஊருக்கு மும்முறை உணவு கிடைக்கும். அடுத்த ஊர் பட்டினி கிடக்கும்.