கூடாரத்தை உக்கவைத்த பூஞ்சணம்

மாரிகாலத்திலே நாலு நாள் வெயில் காணாது கிடந்த துணியிற் கரும்புள்ளி விழுந்துவிடும். பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று சலித்துக்கொண்டு அதனை வெந்நீரில் ஊறவைப்பதோடு நம் வீடுகளிற் கவலை தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது தென் பசிபிக் தீவுகளிற் போரிட்ட அமெரிக்கப் படைக்கு அக்கவலை அவ்வளவில் தீரவில்லை. கூடாரம், சீருடை, தோட்டாப் பட்டி எனப் பருத்தியால் நெய்தவை யாவும் காட்டு ஈரத்தில் உக்கி உதிர்ந்தன. எதிரியின் குண்டுக்குத் தப்பிய கூடாரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்குத் தப்பவில்லை.

உக்கிய துணித்துண்டுகளிலிருந்து பூஞ்சணங்களைப் பிரித்தெடுத்து வளர்த்து, எவை பருத்தியைத் தின்கின்றன என்று கண்டறியும் பணியைப் படையின் தளபாட வழங்கற் பகுதி தன் ஆய்வுகூடத்திடம் ஒப்படைத்தது. அவ்வாறு சேர்ந்த ஆயிரக்கணக்கான இனங்களில் ஒன்று, சொலமன் தீவுத்தொடரைச் சேர்ந்த பூகன்வில் தீவிலே ஒரு கன்வஸ் கூடாரத்தில் அகப்பட்டது. அதற்கிட்ட அடையாளம் 'கியூ.எம். 6ஏ'. அக்கூடத்திலே பணியாற்றிய எல்வின் றீஸ் என்னும் நுண்ணுயிரியலறிஞர் இந்தப் பூஞ்சணத்தோடு தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தார். துணியை உக்கவிடாது காப்பதே அவருக்கிடப்பட்ட கட்டளை. உக்கவைப்பது எவ்வாறு என்ற வினாவே அவருடைய வாழ்நாள் வினாவாயிற்று.

அவ்வினாவின் அருமையை உணர்வதற்கு நாம் சோற்றையும் வைக்கோலையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் ஒரே குளுக்கோசு மணிகளைக் கோத்த மாலைகளே. மணிக்கும் மணிக்கும் இடையேயுள்ள முடிச்சு மாத்திரம் வேறு. மாப்பொருளின் முடிச்சை நம் வாயூறும் நீரே அவிழ்க்கத் தொடங்கிவிடும். செலுலோசின் முடிச்சை அவிழ்க்கும் நொதியம் நம்மிடம் இல்லை. பசுவிடமும் இல்லை, பசுவின் இரைப்பையிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதற்காக அவ்வேலையைச் செய்துகொடுக்கின்றன. அன்றியும், செலுலோசு மாலைகள் பல ஒன்றோடொன்று நெருங்கி, நீர்கூட நுழைய இடமின்றி இறுகிக் கிடக்கின்றன. மரத்திலும் வைக்கோலிலும் இலிக்கினின் என்னும் பொருள் இவற்றைச் சுற்றிச் சாந்துபோற் பூசப்பட்டிருக்கிறது. இந்தக் கோட்டையை உடைத்துக் குளுக்கோசை வெளியே எடுத்துவிட்டால் எஞ்சிய வேலை மதுவத்துக்குரியது. 180 கிராம் குளுக்கோசை நொதிக்கச் செய்தால் 92 கிராம் வரை எதனோல் பெறலாம். எதனோல் எரியும், வாகனத்தை ஓட்டும்.

அமிலத்தைக் கொண்டு மரத்தைச் சர்க்கரையாக்கும் முறை முன்னரே உண்டு. ஆனால் அமிலம் பாத்திரத்தையும் அரிக்கும். வெளிவந்த சர்க்கரையையும் ஓரளவு பாழாக்கும். பூஞ்சணமோ இளஞ்சூட்டில், சத்தமின்றி, சர்க்கரையைப் பழுதாக்காது அதனைச் செய்கிறது. எப்படி?

1950ஆம் ஆண்டில் றீசும் அவருடைய தோழர் இருவரும் ஒரு விடையை முன்வைத்தனர். கரையத்தக்கதாக மாற்றிய செலுலோசைப் பல நுண்ணுயிர்கள் வெட்டக் கண்டனர். இறுகிய பருத்தி நூலை வெட்டுபவையோ மிகச் சில. ஆகவே இரண்டு காரணிகள் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிபு. முதலாவது இறுகிய மாலைகளைத் தளர்த்தி விரித்துவிடும். இரண்டாவது விரிந்ததை வெட்டும். முன்னதற்கு 'சி-ஒன்று' என்றும் பின்னதற்கு 'சி-எக்ஸ்' என்றும் பெயரிட்டனர். வெட்டும் நொதியங்கள் பிற்பாடு ஒன்றன்பின் ஒன்றாகக் கையிற் கிடைத்தன. தளர்த்தும் காரணி மாத்திரம் எவர் கையிலும் அகப்படவில்லை. நொதியங்கள் சில கூடி வெட்டினாலே எல்லாம் விளங்கும், தனியே தளர்த்தும் காரணி வேண்டாம் என்ற எண்ணம் காலப்போக்கில் வலுத்தது.

1954இல் ஆய்வுகூடம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நேற்றிக் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மேரி மான்டல்ஸ் என்ற அம்மையார் றீசுடன் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சிகளில் ஒன்றை மாணவர்கள் அவசியம் அறிதல் வேண்டும். பூஞ்சணம் சிக்கனமுள்ளது. குளுக்கோசு கிடைத்தால் அதை உண்டுவிட்டு வாளாவிருக்கும்; செலுலோசை வெட்டும் நொதியத்தைச் சுரக்கும் சிரமத்தை மேற்கொள்ளாது. ஆனால் சில குளுக்கோசு மாதிரிகளில் வளர்த்தபோது நொதியம் சுரந்தது! அதே குளுக்கோசை நன்றாகச் சுத்திகரித்துக் கொடுத்தால் சுரப்பு நின்றது. பரிசோதனை பிழைத்ததென்று குறிப்பேட்டை மூடிவைக்க எத்தனையோ பேர் உளர். இவர்கள் மூடவில்லை. காரணம் குளுக்கோசில் அன்று, அதிற் கலந்திருந்த அழுக்கில் உளது என்று துணிந்து, அந்த அழுக்கையே தேடிச் சென்றனர். 1962இல் அது அகப்பட்டது. இரு குளுக்கோசு மணிகள் வேறொரு விதமாய் இணைந்த சொபோரோசு என்னும் வெல்லம் அது. அணுவளவு இருந்தாலும் பூஞ்சணத்தைத் தட்டியெழுப்பி வேலை வாங்க வல்லது. நம் வகுப்பிலே பரிசோதனை விடை புத்தகத்தோடு பொருந்தாதபோது இலக்கத்தைத் திருத்தி எழுதும் பிள்ளைகளுக்கு நாம் இக்கதையைச் சொல்லுவதுண்டு. கதையைக் கேட்ட பின்னரும் திருத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்துப் பூஞ்சணத்தின் வித்திகள்மீது உயர்சக்தி இலத்திரன்களைச் செலுத்தி விகாரிகளைப் பெற்றனர். 1971இல் அறிவிக்கப்பட்ட விகாரியொன்று தாய் இனத்தைப்போல் இரு மடங்கு நொதியம் தந்தது. அதுவரை இம்முயற்சிகளைக் கவனித்தோர் சிலரே. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. பீப்பா சுமார் 3 டொலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டொலரை அண்மியது. கூடாரத்தை உக்கவைத்த பூஞ்சணத்தை அரசாங்கங்கள் அப்பொழுதுதான் தேடி வந்தன.

நேற்றிக்கில் அந்நாளிற் குளுக்கோசாக்க எடுத்த பொருள்களில் முக்கியமானது எது தெரியுமா? பழைய பத்திரிகைத் தாள். வாசகர் இப்பொழுது கையில் வைத்திருப்பது போன்றதே. அதனை உருளும் குண்டுகளுக்கிடையே அரைத்துப் பொடியாக்கி, பூஞ்சணம் சுரந்த நீரிலிட்டு, வெல்லப்பாகு எடுத்தனர். காலையிற் படித்த தலையங்கத்தை மாலையில் வாகனத்துக்கு ஊற்றலாம் என்றால் பத்திரிகையாசிரியர் மகிழ்வாரோ வருந்துவாரோ, நாமறியோம்.

1970களின் பிற்பகுதியில் நியூ ஜேர்சியிலுள்ள றட்கேஸ் சர்வகலாசாலையிலும் இதே இனத்திலிருந்து இன்னும் வலிய விகாரியொன்று உருவாயிற்று. இதுகாறும் வேறோர் இனமாகக் கருதப்பட்டுவந்த பூஞ்சணம் தனியினமென்று தெளிந்து, 1977இல் றீஸ் அவர்களின் பெயராலேயே 'திரைக்கோடேர்மா றீசி' எனப் பெயர் பெற்றது. இன்று தொழிற்சாலைகளில் வளரும் அவ்வினப் பூஞ்சணங்கள் யாவும் பூகன்வில் கூடாரத்தில் அகப்பட்ட அந்த ஒன்றின் வழித்தோன்றல்களே. 2008இல் அதன் பரம்பரையலகுகளை முழுவதும் வாசித்தபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. செலுலோசை வெட்டும் நொதியங்களுக்குரிய அலகுகள் பிற பூஞ்சணங்களைவிட அதனிடம் அதிகமாயில்லை, குறைவாகவே இருந்தன. கருவிகள் சில, அவற்றை அள்ளி வழங்கும் ஆற்றலே பெரிது.

அவ்வாறாயின் உலகெங்கும் வைக்கோலினால் வாகனங்கள் ஓடுகின்றனவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடை. 2007இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் 2022ஆம் ஆண்டளவில் இவ்வகை எரிபொருள் 1,600 கோடி கலன் உற்பத்தியாதல் வேண்டும் என்றது. அதன் அருகிற்கூட அந்நாடு செல்லவில்லை. ஐயோவா மாநிலத்தில் சோளத்தட்டையைக் கொண்டு 2014இலும் 2015இலும் திறந்த இரு பெரிய ஆலைகளில் ஒன்று 2017இலும் மற்றையது 2019இலும் கைவிடப்பட்டன. தட்டையோடு வந்த மண் இயந்திரங்களைத் தேய்த்தது. நொதியத்தின் விலை குறைந்தும் போதிய அளவு குறையவில்லை. எண்ணெய் விலையோ 2014இன் பின் வீழ்ந்தது. ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. இத்தாலியில் 2017இல் நின்ற ஆலை 2022இல் மீண்டும் இயங்கியது. இந்தியாவிலே பானிப்பட்டில் 2022இல் தொடங்கப்பட்ட ஆலை, வயலில் எரித்துவந்த நெல் வைக்கோலில் ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் எடுத்து 3 கோடி லீற்றர் எதனோல் ஆக்கும் திட்டத்தோடு எழுந்தது. மனிதர் உண்ணும் சோளத்தையும் கரும்பையும் எரிபொருளாக்குவதைவிட எரித்துத் தொலைக்கும் வைக்கோலை ஆக்குவது தர்மத்துக்கு உகந்தது என்பதே நம் கருத்து. அதிற் பணம் மிஞ்சவில்லை என்பதற்காக வினாவே தவறாகிவிடாது.

எரிபொருளுக்கென்று தேடிய நொதியம் இதற்கிடையில் வேறு வாசல்களாற் புகுந்துவிட்டது. சலவைத்தூளில் இருக்கிறது, கால்நடைத் தீனியில் இருக்கிறது. புதிய ஜீன்ஸ் காற்சட்டையைப் பழையதுபோல் வெளிறச் செய்வதற்கும் அதனையே இடுகிறார்கள். துணியைப் பூஞ்சணத்திடமிருந்து காக்கும்படி பணிக்கப்பட்டவரின் உழைப்பு, துணியை அரிக்கவென்று பணங் கொடுத்து வாங்கும் நாகரிகத்திற்குப் பயன்படுகிறது!

அந்தத் தளர்த்தும் காரணி என்னாயிற்று? 2010இல் நோர்வே நாட்டு ஆய்வாளர், இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைற்றினை ஆராய்ந்தபோது, அதுவரை அறியாத முறையில் வேலை செய்யும் ஒரு நொதியத்தைக் கண்டனர். ஏனையவை நீர் சேர்த்து முடிச்சை அவிழ்க்க, இது ஒட்சியேற்றத்தால் இறுகிய பரப்பிலேயே சங்கிலியை முறித்து மற்ற நொதியங்களுக்கு வழி திறந்துவிட்டது. செலுலோசிலும் அவ்வாறு செய்யும் நொதியங்கள் உண்டென்பது அடுத்த ஆண்டுகளில் உறுதியாயிற்று. அவை ஒவ்வொன்றும் ஒரு செம்பணுவைத் தாங்குபவை. றீசின் பெயர் தாங்கிய பூஞ்சணத்திலும் உள்ளன. றீஸ் 1950இல் உய்த்துணர்ந்த காரணி இதுவேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அவர் சுட்டிய வேலை இருக்கத்தான் செய்தது. அறுபது ஆண்டுகளின் பின் இச்செய்தி வெளிவந்தபோது அவர் உயிரோடிருக்கவில்லை.