வேட்டை உடுப்புக்கு எந்தச் சலவைத்தூள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை களைகட்டும். வெள்ளைவால் மானுக்கு மோப்ப சக்தி அதிகம். காற்றில் வரும் வாடையிலேயே ஆள் இருப்பதைக் கண்டுகொண்டு ஓடிவிடும். அதனால் மணமில்லாத சலவைத்தூளைத் தேடி வாங்குவது அங்குள்ள வேட்டைக்காரர்களின் வழக்கம். மானை ஏய்க்கச் செய்யும் இந்தத் தேர்வு, அவர்களுடைய தோலுக்கும் நன்மை செய்கிறது.

லேபிளைக் கவனியுங்கள்

மரத்தின் மேல் பரண் கட்டி, இரண்டு மூன்று அடுக்கு உடுப்போடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நடந்து வந்த வியர்வை காலரிலும் அக்குளிலும் இடுப்புப் பட்டையிலும் ஊறும். துணியில் தங்கிவிட்ட சோப்பும் வாசனைப் பொருளும் அங்கேதான் தோலை உரசும். ஒவ்வாமை உள்ளவருக்கு அரிப்பும் சிவந்த தடிப்பும் வர இது போதும்.

'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் வாசனைப் பொருளே இல்லை என்று அர்த்தமல்ல. வேறொரு வாடையை மறைக்க அதிலும் வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதே நம்பத்தக்கது. திரவ வகைகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன், அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்த ரசாயனம். அந்தப் பெயர் இருந்தால் வேறு பொருளைப் பாருங்கள். அளவைக் குறைத்து, ஒரு முறை கூடுதலாக அலசுவதும் நல்லது.

வெண்மை கூட்டும் ரசாயனம்

பளிச்சென்ற வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும். மானின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீலம் நன்றாகவே தெரியும். வேட்டை உடுப்புக்கு இந்த ரசாயனம் வேண்டவே வேண்டாம்.

உண்ணி சோப்புக்குச் சாகாது

உயிரோடு விளையாடும் விஷயம் இதுதான். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி வளர்ந்த நிலையிலேயே எள்ளளவுதான் இருக்கும். இளம் உண்ணி கசகசா விதை அளவு. அக்டோபர், நவம்பரில் வளர்ந்த உண்ணிகள் சுறுசுறுப்பாக அலையும். வேட்டைக் காலமும் அதுவே. கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

குளிர்ந்த நீரிலும் மிதமான சூட்டு நீரிலும் துவைத்தால் உண்ணி பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த சலவைத்தூளாலும் இதை மாற்ற முடியாது. வீடு திரும்பியதும் உலர்ந்த உடுப்பைத் துவைக்காமல் அப்படியே டிரையரில் போட்டு, அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டச் சொல்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். ஈர உடுப்புக்குக் கூடுதல் நேரம் தேவை. துவைத்தே ஆகவேண்டுமென்றால் வெந்நீரில் துவைக்க வேண்டும்.

உண்ணியைக் கொல்ல 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்து தெளித்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்த மருந்து உடுப்புக்கு மட்டுமே, தோலில் பூசக்கூடாது. ஈரம் காயும்வரை பூனையை அருகில் விடாதீர்கள். பூனைக்கு அந்த மருந்து நஞ்சு.

உண்ணி கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காட்டுக்குப் போய்வந்ததையும் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் லைம் நோய் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.