பார்வை வாத்து

சென்ற டிசம்பரில் நம் சங்கத்தார் பரத்பூருக்குச் சென்று வந்ததை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் குளிரில் நடுங்கியபடி பறவைகளைப் பார்த்துக்கொண்டே போய், கேவலாதேவ் கோயிலருகே இறங்கினோம். அங்கே நட்டிருக்கும் கற்பலகைகளைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டோம். 1902 முதல் அந்த ஏரியில் எந்த நாளில், எந்தப் பிரபுவின் வருகைக்காக, எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்று அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள். 1938 நவம்பர் 12ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது விழுந்தவை 4,273.

அப்போது முதலாண்டுத் தம்பி ஒருவர் என்னிடம், "அண்ணா, இப்படிச் சுடுகிற இடத்துக்கு வாத்துகள் ஏன் வருகின்றன? அவற்றுக்கு அறிவே இல்லையா?" என்று கேட்டார். பரத்பூரில் ஆள் பலமும் துப்பாக்கிப் பலமும் வேலையை முடித்தன. அங்கே வாத்தின் அறிவைச் சோதிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒற்றை மனிதன் ஒரு சிறு குளத்தங்கரையில் உட்கார்ந்து வாத்தை வரவழைக்கும் வித்தை வேறு. அதை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பருவம் முழுதும் அருகிலிருந்து பார்த்தேன். தம்பிக்கு ரிக்‌ஷாவில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். யாரையும் வேட்டைக்காரராக்க இக்கட்டுரையை நான் எழுதவில்லை.

பெயர்

தன் இனத்தைக் காட்டித் தன் இனத்தையே பிடிக்கும் முறை தமிழனுக்குப் புதிதன்று. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைத்தார்கள் நம் பழைய வேட்டுவர்கள். அந்தப் பழக்கிய விலங்குக்குச் சங்க நூல்களில் 'பார்வை' என்று பெயர். ஆகவே குளத்தில் மிதக்கவிடும் பொம்மை வாத்தைப் 'பார்வை வாத்து' என்றே அழைக்கிறேன்.

அமெரிக்காவிலும் இது பழைய கலைதான். நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்னும் குகையில் 1924இல் கோரையால் கட்டிய பார்வை வாத்துகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 2,000 ஆண்டு. வெள்ளையர் காலெடுத்து வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே அங்கிருந்த பழங்குடியினர் இவ்வித்தையில் தேர்ந்திருந்தார்கள். பின்னாளில் மரத்தில் செதுக்கினார்கள். உயிருள்ள வாத்தையே கட்டிவைத்தும் அழைத்தார்கள். உயிர் வாத்தைக் கட்டுவதை 1935இல் அந்நாட்டு அரசு தடுத்துவிட்டது. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

எத்தனை, எந்த அளவு?

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தச்சர், எழுபது வயது. அவருடைய உறவினரின் நிலத்தில் ஒரு குளம் இருந்தது. நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சுற்றிலும் சம்பங்கோரை. நான் விலங்கியல் மாணவன் என்று தெரிந்ததும், "துப்பாக்கி வேண்டாம், வேடிக்கை பார்க்க வாருங்கள்" என்று அழைத்தார். மரக்கறி உண்பவன் வேட்டைக்குப் போகலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். ஆராய்ச்சி ஆசை வென்றது.

அவருடைய கொட்டகையில் நூற்றுக்கு மேற்பட்ட பார்வைகள் தொங்கின. அவற்றிலிருந்து பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பெரிய ஏரியில் உயரப் பறக்கும் கூட்டத்தின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஐம்பதும் நூறும் மிதக்கவிடுவார்கள். உடலும் இயற்கையைவிடப் பெரிதாக இருக்கும். சிறு குளத்துக்கு வாத்துகள் இரண்டும் மூன்றும் ஐந்துமாக வருகின்றன. அங்கே நூறு வாத்தைக் கண்டால் அவற்றுக்கே ஐயம் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை போதும். அளவும் உயிர் வாத்தின் அளவே போதும். அதோடு சேற்றிலும் புதரிலும் முதுகில் சுமந்து செல்லவேண்டியவன் மனிதன் என்பதையும் மறக்கலாகாது.

எந்த இனம்?

மல்லார்டு என்னும் பச்சைத்தலை வாத்துதான் முதல் தெரிவு. உலகில் வளர்க்கப்படும் வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூதாதை. நம் வயல்களில் மேயும் வாத்துக்கும் தூரத்துப் பாட்டன். மேல்நீரில் தலை கவிழ்த்து மேயும் பிற இனங்களும் மல்லார்டைக் கண்டால் அச்சமின்றி வந்து இறங்கும். அதனுடன் இரண்டு கிளுவைகளைச் சேர்க்கலாம். மர வாத்து அப்பக்கம் உண்டென்றால் ஒரு ஜோடியைத் தனியே ஓரமாக விடலாம். ஆழநீரில் மூழ்கி இரைதேடும் இனங்களின் பார்வைகளைச் சிறு குளத்தில் விடுவது வீண். அவை அங்கு வருவதில்லை.

பருவத்தையும் பார்க்கவேண்டும். கோடையில் இறகுதிர்த்த ஆண் மல்லார்டு, பெட்டையைப் போலவே பழுப்பாக மாறிவிடுகிறது. பச்சைத் தலையும் பளிச்சென்ற உடலும் இலையுதிர் காலத்தில்தான் திரும்புகின்றன. ஆகையால் வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தில் பழுப்புப் பார்வைகள் மிகுந்திருக்கவேண்டும். பின்பகுதியில் ஆண்கள் மிகலாம். செப்டம்பர் மாதத்தில் எல்லாமே பச்சைத் தலையாக மிதந்தால் அது வாத்துக்கூட்டம் அன்று, கடைத்தெருப் பொம்மை வரிசை!

தோற்றமும் நிலையும்

சாயம் மினுங்கக்கூடாது. இறகு வெயிலை விழுங்கும். பளபளப்புச் சாயம் வெயிலைத் திருப்பி வீசும். அக்டோபர் விடியலில் பிளாஸ்டிக் முதுகில் உறைபனி வெண்மையாகப் படியும். உயிர் வாத்தின் முதுகில் அப்படிப் படிந்து கிடப்பதில்லை. பெரியவர் தம் கைக்குட்டையால் ஒவ்வொன்றையும் துடைத்தபின்தான் நீரில் விட்டார்.

தலையின் நிலையும் முக்கியம். கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும் வாத்து, ஆபத்தை உணர்ந்த வாத்து. பன்னிரண்டும் அப்படியே இருந்தால் மேலே பறப்பவை எச்சரிக்கை பெறும். ஒன்றிரண்டு நிமிர்ந்திருக்கலாம். மற்றவை மேய்வனவாகவும், அலகை முதுகில் செருகி ஓய்வனவாகவும் இருக்கவேண்டும்.

அடிப்பாகத்திலும் இரு வகை உண்டு. எடை வைத்த அடிப்பாகம் எப்படி எறிந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், காற்றில் தள்ளாடாது, ஆனால் கனக்கும். நீர் புகுந்து நிறையும் அடிப்பாகம் சுமக்க எளிது. கையால் நேராக வைக்கவேண்டும். காற்று அடங்கிய சிறு குளத்துக்கு இரண்டாவது வகையே போதும் என்பது பெரியவரின் தீர்ப்பு. நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதுமானது. நிறம் மட்டும் கறுத்திருக்கவேண்டும்.

அசைவு

காற்றில்லாத குளத்தில் எல்லாப் பார்வைகளும் செத்தவைபோல் நிற்கும். வாத்து அதைத்தான் முதலில் கண்டுகொள்கிறது. இதற்கு மின்கலத்தால் இறக்கை சுழலும் பார்வைகள் 1990களில் பரவின. தொடக்கத்தில் அவை நன்றாக ஏமாற்றின. பலமுறை பார்த்துவிட்ட வாத்துகள் பிறகு விலகிப்போகக் கற்றுக்கொள்கின்றன. சில மாநிலங்கள் இவற்றுக்குத் தடையும் விதித்தன. பெரியவரிடம் இருந்ததோ ஒரு கயிறும் ரப்பர் நாடியுமே. கயிற்றில் மூன்று பார்வைகளைக் கட்டி, ஒரு முனையை ரப்பருடன் குளத்தடியில் ஊன்றி, மறுமுனையை மறைவிடத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வப்போது ஓர் இழுப்பு, உடனே குளம் முழுதும் மெல்லலை ஓடும், பன்னிரண்டும் உயிர்பெறும். இவ்வளவு மலிவான உயிரூட்டலை நான் கண்டதில்லை.

இடம் வைக்கும் முறை

முதல் நாள் பார்வைகளை நீரில் விடும் பணியை எனக்குத் தந்தார். நான் தமிழ்நாட்டான் அல்லவா? புள்ளிக் கோலம் வைப்பதுபோல் சம தூரத்தில் வரிசை வரிசையாகக் குளத்தின் நடுவில் வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து மல்லார்டுகள் வந்தன, இருமுறை வட்டமிட்டன, எழும்பிப் போய்விட்டன. "ஏன் போயின?" என்றேன். "நீங்கள் வாத்தாக இருந்தால் எங்கே இறங்குவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், இறங்க ஓர் இடத்தையும் நான் விட்டுவைக்கவில்லை.

வாத்து காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே வேட்டையாடுபவன் காற்றைத் தன் முதுகில் வாங்கி உட்காரவேண்டும். அப்போது இறங்கும் வாத்து அவனை நோக்கி வரும். பார்வைகளை லாட வடிவில் வைத்து, காற்றுப் போகும் திசையில் வாயைத் திறந்துவிடவேண்டும். நடுவே வெற்றுநீர். அந்த வெற்றுநீர் கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கஜத்துக்குள் இருக்கவேண்டும். ஒன்றுக்கொன்று ஐந்தாறு அடி இடைவெளி; நெருக்கினால் அது அஞ்சிய கூட்டம் ஆகிவிடும். இடைவெளிகளும் ஒன்றுபோல் இருக்கலாகாது. இங்கே இரண்டு, அங்கே மூன்று, ஓரத்தில் ஒரு சோம்பேறி.

பொதுவில் சொன்னால், எந்தப் பொம்மை அழகியது என்ற கேள்வியைவிட, நிம்மதியான வாத்துக்கூட்டம் எப்படி இருக்கும் என்ற கேள்வியே பெரிது. அதை அறிய ஒரே வழி, துப்பாக்கியின்றிப் பல காலைப்பொழுது உட்கார்ந்து உயிர் வாத்துகளைப் பார்ப்பதுதான்.

மூன்றாம் சனிக்கிழமை

மூன்றாம் வாரம் நானே முழுதும் வைத்தேன். பெரியவர் ஒன்றையும் திருத்தவில்லை. சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் இரண்டு மல்லார்டுகள் வந்தன. கயிற்றை இழுத்தேன். அவை ஒரே வட்டத்தில் திரும்பி, காற்றை எதிர்த்து, செம்மஞ்சள் கால்களை நீட்டியவாறு, நான் விட்டிருந்த வெற்றுநீருக்கே வந்தன. பெருமையில் என் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி துப்பாக்கி வெடித்தது.

நாய் நீந்திச் சென்று எடுத்து வந்தது. பெரியவர் அதை என் கையில் கொடுத்தார். பச்சைத் தலை, இன்னும் சூடு ஆறவில்லை. சுட்டவர் அவர்தான், ஆனால் அதை அந்த இடத்துக்கு அழைத்தவன் நான். நான் பாடத்தை நன்றாகக் கற்றதால் அது இறந்தது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளை மனப்பாடம் செய்து பள்ளியில் பரிசு வாங்கியவன் நான்!

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அவரும் காரணம் கேட்கவில்லை. சில நாள் கழித்து ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய ஆல்பத்தைக் காட்டினார். ஆண்டுக்கு ஒன்றாக வாத்துப் படம் போட்ட முத்திரைகள். பதினாறு வயதுக்கு மேற்பட்ட வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் இதை வாங்கியாகவேண்டும் என்று 1934இல் அந்நாடு சட்டம் செய்தது. 2015 முதல் இதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சதம் சதுப்புநிலங்களைக் காக்கவே செல்கிறது. இவ்வகையில் இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆல்பத்தை மூடிவிட்டு, "உங்கள் ஊரில் குளங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். வாதத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் விழித்தேன். எங்கள் ஊரில் யாரும் காட்டு வாத்தைச் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் நீச்சல் பழகிய பெரிய குளத்தில் பாதி இன்று பேருந்து நிலையம், மறுபாதியில் குப்பை. தாத்தா காலத்தில் கார்த்திகை பிறந்தால் கிளுவைகள் வந்து இறங்குமாம். இப்போது வருவதில்லை. சுடாமலே விரட்டிவிட்டோம்.

இதனால் வேட்டை நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்த மல்லார்டின் சூடு இன்றும் என் கையில் இருக்கிறது. ஆனால் கொல்லாமல் இருப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அழைப்பதற்கும் பார்வை

பார்வையை உயிர் காக்கவும் பயன்படுத்தலாம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அமெரிக்காவின் மெயின் கடற்கரையில் ஈஸ்டர்ன் எக் ராக் என்றொரு சிறு தீவு. அங்கிருந்த பஃபின் என்னும் கடற்பறவைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டையாடி அடியோடு ஒழித்துவிட்டார்கள். 1973இல் ஸ்டீபன் கிரெஸ் என்னும் அறிஞர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அங்கே வளர்த்துக் கடலில் விட்டார். வளர்ந்த பறவைகள் வெறிச்சோடிய பாறையில் இறங்கத் தயங்குமே என்று மரத்தால் செய்த பஃபின்களைப் பாறைமேல் நிறுத்தினார். 1977இல் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. 1981இல் அத்தீவில் மீண்டும் பஃபின் குஞ்சு பொரித்தது. வேட்டுவன் கண்ட வித்தையேதான். துப்பாக்கி மட்டும் இல்லை.

புறநானூற்றில் வீரை வெளியனார் பாட்டொன்று இருக்கிறது. வேட்டுவன் முற்றத்தில் உறங்குகிறான். அவனுடைய பார்வைப் பிணையை நாடிக் காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை தன் துணையைப் பிரிந்து ஓடிவிடுமோ என்று அஞ்சி, அவன் மனைவி வீட்டுக்குள் அரவமின்றி நிற்கிறாள். வெளியே காயவைத்த தினையைக் கோழிகள் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றையும் அவள் விரட்டவில்லை. பள்ளியில் இதைப் படித்தபோது அழகான காட்சி என்று மட்டும் நினைத்தேன். விஸ்கான்சினுக்குப் பிறகு படித்தபோது, அவள் வீட்டுக்கு அன்று வேறு உணவு இருந்திருக்குமா என்று தோன்றியது.

நண்பர்களே, நம் விடுதிக்குப் பின்னால் உள்ள குளத்தில் குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அக்குளத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் ஆசை. கணக்கில் ஏறிய குளத்தை மண்ணிட்டு மூடுவது சற்றுக் கடினம். ஜனவரி முதல் ஞாயிறன்று காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் இருப்பேன். குறிப்பேடும் கம்பளியும் கொண்டுவாருங்கள். பேச்சு மட்டும் வேண்டாம், வாத்துகள் எழுந்துவிடும்.